பத்து மணித்தியாலத்தில் ஒரு சுற்று

2026 ஜனவரி 8, தெஹிவளை

வியாழன் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதை ஒரே இரவில் படம் பிடிக்கவேண்டும். அதற்குத் தொலைநோக்கித் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே நிறுத்து என்கிறார்கள். கொழும்பில் அது அடிவானத்துக்கு மேலே 7 பாகைதான். எங்கள் மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் அந்த உயரத்தில் வெள்ளவத்தை அடுக்குமாடிகள்தான் தெரிகின்றன, யாரோ காயப்போட்ட சாரத்தோடு. தாங்கியின் அச்சை அவ்வளவு சரித்தால் எடைக்கட்டியின் தண்டு முக்காலியின் காலில் போய் முட்டுகிறது. முக்காலியைத் திருப்பி, இரண்டு காலுக்கு நடுவே தண்டு விழுகிற மாதிரி வைத்தேன். ஒரு மாலை முழுக்க அதற்கே போனது.

ஜனவரி 10

இன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே, 63 கோடி கிலோமீற்றர் தூரத்தில். மேகம். ஒன்றும் தெரியவில்லை.

அம்மா பஞ்சாங்கத்தோடு வந்தா. "குரு வக்கிரத்தில நிக்கிறார், நீ ஏன் பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?" அவ சொல்வதும் சரிதான். உள்வட்டத்தில் ஓடும் பூமி முந்திப்போகிற இந்த மாதங்களில் வியாழன் பின்னால் நகர்வதாகத் தெரியும். புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஜனவரி 13, காலை

நித்திரை இல்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற 9 மணி 55 நிமிடம். 1665இல் வானியலாளர் கசீனி அதன் புள்ளிகளைப் பார்த்தே கிட்டத்தட்ட இதே கணக்கைச் சொல்லிவிட்டார். எதிர்நிலையை ஒட்டிய இரவுகளில் அது அந்தியில் உதித்து விடியலில் மறைவதால் முழுச் சுற்றையும் ஒரே இரவில் பிடிக்கலாம். கணக்குப்படி நேற்று, வியாழனின் பெரும் புயலான பெரிய செம்புள்ளி ஏழு மணி தாண்டியதும் நடுவில் நிற்கும், திரும்ப ஐந்து மணியளவில் நடுவுக்கு வரும். இதைவிட வாய்ப்பான இரவு கிடைக்காது.

பத்து நிமிடத்துக்கு ஒரு வீடியோ, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். அதற்கு மேல் எடுத்தால் கோளே திரும்பிப் படம் கலங்கும். 12,000 சட்டகத்தில் நல்ல 1,800 மட்டும் தேறும், அவற்றைச் சேர்த்தால் ஒரு படம். ஏழு மணிக்கு வியாழன் நகரத்துப் புகைக்குள் தாழ நின்று, கொதிக்கிற நீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி நெளிந்தது. ஒன்பதுக்குப் பிறகு அடங்கியது. மேகப் பட்டிகளின் ஓரத்துச் சுருள்கள்கூடத் தெரிந்தன. புள்ளி முழுதாய்ப் பழுக்காத தக்காளி நிறம், மெல்ல வலப்பக்கம் ஒதுங்கிப் போனது.

நடுநிசி தாண்டியதும் வியாழன், வானத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கிற உச்சிக்கோட்டைக் கடந்தது. தொலைநோக்கியை மற்றப் பக்கம் திருப்பிப் போடவேண்டும். திருப்பினேன். கமராவின் யூஎஸ்பி வயர் ஒரு திருகில் கொளுவி இழுபட்டு, முனை வளைந்துவிட்டது. 12.20. வேறு வயர் தேடி, தம்பியை எழுப்பி, அவன் கேம் விளையாடுகிற பெட்டியிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் திரும்பப் பதிவைத் தொடங்கும்போது மணி இரண்டு. பத்துப் படம் போச்சு. வியாழனின் சுற்றில் 60 பாகை.

ஐந்து மணிக்குக் கடற்பக்கம் சாய்ந்த வியாழனில் புள்ளி சொன்னபடி நடுவில் நின்றது. கரையோரப் பாதையில் முதல் ரயில் சத்தம்.

ஜனவரி 15, தைப்பொங்கல்

விட்ட முகம் ஐந்து சுற்றுக் கழித்து, 49 மணி 38 நிமிடத்தில், திரும்ப வரும். அதாவது இன்று அதிகாலை 1.58. பிடித்துவிட்டேன், பத்துப் படமும். கண்ணாடியில் பனி பிடித்ததால் நடுவில் ஒருமுறை அம்மாவின் தலை காயவைக்கிற மெஷினைப் பிடித்தேன். மூன்றே முக்காலுக்குக் கீழே இறங்கினால் அம்மா பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டு நிற்கிறா. "எழும்பிட்டியோ பிள்ளை, நல்லது" என்று தேங்காயையும் திருவலையையும் என் கையில் தந்தா. படுக்கவே இல்லை என்று சொல்லவில்லை.

ஜனவரி 17

இரண்டு இரவையும் ஒட்டி ஓடவிட்டேன். வடக்கும் தெற்கும் அப்படியே பொருந்துகின்றன. நடுப்பட்டியில் மட்டும் ஒரு வெட்டு.

அரை மணித்தியாலம் மென்பொருளைத் திட்டிய பிறகுதான் பொறி தட்டியது. வியாழன் கெட்டியான உருண்டை இல்லை. நடுக்கோட்டு மேகம் 9 மணி 50 நிமிடத்திலேயே சுற்றிவிடும், மற்ற இடங்களைவிட ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடவே முன்னதாக. ஐந்து சுற்றில் அது 26 நிமிடம். நான் தேங்காய் திருவப் போவதற்கு முன்பே நடுப்பட்டியின் நீலச்சாம்பல் மேகத் தொங்கல்கள் 16 பாகை முன்னே ஓடிவிட்டன.

தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, இதில துள்ளுது" என்றான். "ஓம், அது அப்பிடியே இருக்கட்டும்" என்றேன். அவனுடைய வயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.