சாவிக்கொத்தும் நானும்

வேலையில் கெட்டிக்காரன் என்று பேர் எடுத்தால் அதற்குக் கிடைக்கும் தண்டனைக்குப் பதவி உயர்வு என்று பெயர். பத்து வருஷமாக எக்செல் ஷீட்டோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த என்னை ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு, "இனிமே இந்த ஏழு பேரும் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். எக்செல் ஷீட் லீவு கேட்காது. முறைக்காது. பக்கத்து ஷீட்டோடு சண்டை போட்டுவிட்டு மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. ஆட்கள் இதெல்லாம் செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

லாரன்ஸ் பீட்டர் என்பவர் 1969-லேயே இதைப் பற்றி எழுதிவைத்துவிட்டார். செய்கிற வேலையை நன்றாகச் செய்பவனை மேலே ஏற்றிக்கொண்டே போவார்கள். அவனுக்கு வராத வேலை வந்ததும் ஏற்றம் நின்றுவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பான். முதலில் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது மனசில் இருந்தது என் பழைய மேனேஜர் முகம்.

பதவியோடு ஒரு சாவிக்கொத்தும் வந்தது. ரெக்கார்டு ரூம் ஒன்று, பீரோ நான்கு, சர்வர் ரூம் ஒன்று, எந்தப் பூட்டுக்கு என்று யாருக்குமே தெரியாத மூன்று, ஆக ஒன்பது சாவி. பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நடந்தால் சல் சல் என்று ஒரு மிடுக்கு. கூடவே, சிரித்தால் மதிக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, கண்ணாடி முன்னால் நின்று முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளப் பழகினேன். மனைவி பார்த்துவிட்டு, "பல் வலிக்குதா?" என்றாள்.

ஆனால் பலன் கண்கூடாகத் தெரிந்தது. நான் எப்போது அறையை விட்டு வெளியே வந்தாலும் ஏழு தலையும் கம்ப்யூட்டருக்குள் புதைந்திருக்கும். கீபோர்டு சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது.

"எப்படிப் போகுது?"

"நல்லா போகுது சார்."

"ஏதாவது பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல சார்."

வாராந்திர மீட்டிங் பத்தே நிமிஷத்தில் முடியும். பெரியவரிடம் போய், "நம்ம டீம்ல பிரச்சினைன்னு ஒண்ணு கிடையாது சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வருவேன்.

அந்த வியாழக்கிழமை, பழைய ஃபைல் ஒன்றைத் தேடிவிட்டு, சாவிக்கொத்தைப் பீரோவிலேயே தொங்கவிட்டபடி வெளியே வந்தேன். ஐந்து பேர் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் கடைக்குட்டிப் பையன், கிளிப் டப்பாவை இடுப்பில் வைத்து சல் சல் என்று ஆட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "எப்படிப் போகுது? ஏதாவது பிரச்சினை?" என்று ஒரு நடை நடந்து காட்டினான். சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நன்றாகவே செய்தான். அச்சு அசல் பல்வலிக்காரன் முகம்.

திரும்பினான். என்னைப் பார்த்தான். டப்பா கீழே விழுந்து கிளிப்பெல்லாம் தரையில் சிதறியது. யாரும் மூச்சு விடவில்லை. ஒரு பெண் மட்டும் தன்னை மறந்து, "சார்... சாவி எங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டுத் தவித்த கதைதான் நமக்குத் தெரியும். இங்கே அந்த வேலையே இல்லாமல், பூனை தானாகவே ஒன்பது மணியைக் கட்டிக்கொண்டு ஒரு மாதமாகப் பெருமையாக உலாத்தியிருக்கிறது.

கேலியைக்கூட விடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலில் பெயர் இருக்கும் நெடுவரிசையை மட்டும் தனியாக அகரவரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள். எக்செல் அப்போது பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டினால் முடிந்தது: பெயர்கள் மட்டும் இடம் மாறும், தொகை இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருத்தர் கடன் இன்னொருத்தர் தலையில். அந்தப் பட்டியல் திங்கட்கிழமையே வெளியே போயிருக்கிறது. மூன்று நாளாக எனக்குத் தெரியாமல் ஒவ்வொரு பில்லாக எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சீனியர் அம்மாதான் வாயைத் திறந்தார். "பிரச்சினை இல்லன்னு சொன்னாதான் சார் உங்க முகம் கொஞ்சமாச்சும் நல்லா இருக்கு."

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே தப்பை நானே செய்து, "சர்வர் பிரச்சினை" என்று பெரியவரிடம் கூசாமல் பொய் சொன்னது நெஞ்சில் வந்து முட்டியது. எப்படியோ அதை வெளியே சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு நான் தப்பித்த அதே வழி இப்போதும் உதவியது: முந்தைய வாரத்து பேக்கப் ஃபைலை எடுத்து, பில் நம்பரை வைத்துப் பொருத்தினால் போதும். முக்கால் மணி நேரத்தில் பட்டியல் சரியாகிவிட்டது. அவர்கள் மூன்று நாள் பட்ட பாடு!

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுவில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கணக்கில் அங்கேதான் அதிகம். அப்புறம்தான் அவருக்குப் பிடிபட்டது: அங்கே பயமில்லாமல் சொல்லிவிடுகிறார்கள், மற்ற இடத்தில் அமுக்கிவிடுகிறார்கள். என் டீமில் பிரச்சினையே கிடையாது என்று நான் பெரியவரிடம் பீற்றிக்கொண்டதை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மீட்டிங்கில் முதல் ஐந்து நிமிஷம் அந்த வாரம் நான் சொதப்பியதைச் சொன்னேன். பத்து நிமிஷ மீட்டிங் ஒன்றரை மணி நேரம் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரிண்டரை உடைத்தது யார் என்பது வரைக்கும் வெளியே வந்துவிட்டது. (அதுவரை நாங்கள் எல்லோரும் பிரிண்டர் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.)

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. ரொம்ப சகஜமாகப் பழகுகிறேன் பேர்வழி என்று குரூப்பில் ஜோக் போட ஆரம்பித்தேன். போட்ட மூன்றாவது வினாடி ஏழு பேரிடமிருந்தும் ஒரே சிரிப்பு பொம்மை வரும். அது மரியாதை இல்லை, அட்டென்டன்ஸ். நிறுத்திக்கொண்டேன். கேட்ட லீவுக்கு அன்றைக்கே பதில் சொல்வது, ஒருத்தர் தப்பைப் பத்து பேர் முன்னால் பேசாமல் இருப்பது, இந்த இரண்டுக்கும் கிடைத்த மதிப்பில் கால்வாசிகூட என் ஜோக்குக்குக் கிடைக்கவில்லை.

சாவிக்கொத்து இப்போது டிராயரில் கிடக்கிறது. போன வாரம் பையன்கள் மேஜையில் சாய்ந்தபடி, என் நடையை இன்னொரு தடவை நடந்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்குட்டி திடீரென்று கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே மெதுவாக, "சார்... ஷூ" என்றான்.

காது கொடுத்தேன். வராண்டாவில் கிரீச், கிரீச். பெரியவர்! என் கை தானாகப் பக்கத்திலிருந்த கீபோர்டுக்குப் போனது. எக்செல் திறந்தது. அது யாருடைய ஷீட் என்றுகூடத் தெரியாது.

"எப்படிப் போகுது?" என்றார் பெரியவர். "ஏதாவது பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன் நான்.

எனக்குப் பின்னால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.