ஒரு வரி விடைக்கு அடுத்த கேள்வி

பேருந்து நிலையக் கடைகளில் வார இதழ்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கும் பொது அறிவு வினா-விடைப் புத்தகங்களை நான் இன்றும் விரும்பி வாங்குகிறேன். போட்டித் தேர்வு எழுதும் வயதைக் கடந்து வெகுகாலமாகிவிட்டது என்றாலும், எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒரு கேள்வி கடலடியிலும் அடுத்த கேள்வி நாடாளுமன்றத்திலும் இறங்கும் அந்தப் புத்தகங்களை ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து புரட்டுவது எனக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. ஆனால் அவற்றின் விடைகளைப் பற்றி எனக்கு நெடுநாளைய மனக்குறை ஒன்று உண்டு. 'வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வரக் காரணமான பொருள் எது?' என்று கேட்டுவிட்டு, 'கந்தகம்' என்று ஒரே சொல்லில் விடையை அச்சிட்டுவிடுகிறார்கள். தேர்வு எழுதுபவருக்கு ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும்; அரிவாள்மணைக்கு முன்னால் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த விடையால் எந்தப் பயனும் இல்லை. அதற்கு மேல் இன்னும் ஒரே ஒரு 'ஏன்' கேட்டுவிட்டால் விஷயம் சூடுபிடித்துவிடும் என்பது என் அனுபவம். சமையலறையிலேயே அதற்கு வேண்டிய மட்டும் உதாரணங்கள் கிடைக்கின்றன.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். கந்தகம்தான் காரணம் என்றால், கந்தகச் சேர்மங்கள் நிறைந்த பூண்டை எவ்வளவு நசுக்கினாலும் கண் கலங்குவதில்லையே, அது ஏன்? இங்கே அந்த ஒரு சொல் விடை வாயடைத்துப்போகிறது. வெங்காயச் செடி மண்ணிலிருந்து எடுக்கும் கந்தகத்தை அமினோ அமிலத்தைச் சார்ந்த ஒரு சேர்மமாக மாற்றித் தன் செல்களுக்குள் வைத்துக்கொள்கிறது. அந்தச் சேர்மத்தை உடைக்கக்கூடிய அல்லினேஸ் என்ற நொதியும் அதே செல்லில்தான் இருக்கிறது, ஆனால் தனி அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. கத்தி பட்டுச் செல்கள் கிழிந்தவுடன் இரண்டும் கலந்துவிடுகின்றன. அதன் பின் கண்ணீர் வரவழைக்கும் ஆவி தானாகவே உருவாகிவிடுகிறது என்றுதான் அறிவியலாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஜப்பானில் ஹவுஸ் ஃபுட்ஸ் என்ற உணவு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரைதான் அந்த நம்பிக்கையை மாற்றியது. அல்லினேஸுக்கு அடுத்தபடியாக இன்னொரு நொதி இருக்கிறது, கண்ணீர் ஆவியைச் செய்வது அதுதான் என்று அவர்கள் காட்டினார்கள். பூண்டில் அந்த இரண்டாவது நொதி இல்லை. அதில் பெருமளவில் இருக்கும் மூலப்பொருளும் வேறு. அது அல்லிசினாக மாறி மூக்கைத் துளைக்கும் வாசனையைத் தருகிறதே தவிர, கண்ணை வம்புக்கு இழுப்பதில்லை. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென்று தரப்படும் இக் நோபல் பரிசு 2013-இல் இந்தக் கண்டுபிடிப்புக்குக் கிடைத்தது. சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த இரண்டாம் விடை தெரிந்துவிட்டால், வீட்டில் சொல்லப்படும் உபாயங்களில் எது சரி, எது வெறும் பேச்சு என்று நாமே பிரித்துவிடலாம். வெங்காயத்தை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து நறுக்குவது பலன் தரும், ஏனென்றால் குளிரில் நொதியும் மந்தமாகிறது, ஆவியாகும் வேகமும் குறைகிறது. கூர்மையான கத்தி நல்லது; மழுங்கிய கத்தி செல்களை நசுக்கிக் கூடுதல் சாற்றைப் பிழிந்துவிடுகிறது. முழுதாக வேகவைத்த வெங்காயம் கண்ணை எரிப்பதில்லை, காரணம் சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்குபவர்கள் பக்கவாட்டில் ஒரு மின்விசிறியை ஓடவிடுவதும் காரணத்தோடுதான். முகத்தை எட்டுவதற்குள் ஆவி வேறு பக்கம் போய்விடுகிறது. உச்சந்தலையில் ஒரு துண்டு வெங்காயத்தை வைத்துக்கொண்டால் கண் எரியாது என்ற யோசனைக்கு மட்டும் என்னால் எந்த நொதியையும் சாட்சிக்கு அழைக்க முடியவில்லை.

என் அக்கா மகள் தனிக்குடித்தனம் போன புதிதில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "மாமா, வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. துணி கெட்டுப்போய்விட்டதா?" என்று பதற்றத்தோடு கேட்டாள். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் தெரியும் இயல்புடையது. சலவைச் சோப்பு காரத்தன்மை கொண்டது. காரத்தில் குர்குமின் மூலக்கூறு தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை இழப்பதால், அது உள்வாங்கும் ஒளியின் நிறம் மாறுகிறது. அதனால் நம் கண்ணுக்கு எட்டும் நிறமும் மாறுகிறது. சட்டையை நன்றாக அலசினாலோ இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டாலோ அதே கறை மறுபடியும் மஞ்சளாகிவிடும். லிட்மஸ் தாள் இல்லாத பள்ளிக்கூடத்தில்கூட மஞ்சள் தடவிய தாளை வைத்துக் காரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அவள் அதோடு விடவில்லை. "அப்படியானால் ஆரத்தித் தட்டில் இருப்பதும் இதுதானா?" என்று கேட்டாள். அதேதான். தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துச் சிட்டிகைச் சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் தட்டு முழுவதும் சிவந்துவிடுவது, சுண்ணாம்பின் காரம் குர்குமினைத் தொட்டதன் விளைவு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் பழைய முறைக்கும் அடிப்படை இதுவே. வேதியியல் ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் பார்த்திராத பாட்டிமார்கள் வாசற்படியில் நின்று எத்தனை தலைமுறைகளாக இந்தச் சோதனையைச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. சட்டைக் கறையைப் பொறுத்தவரை, குர்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது என்பதால் எவ்வளவு கசக்கினாலும் முழுதாகப் போகாது. ஆனால் அது வெயிலுக்கு ஈடுகொடுக்காது. ஒளி பட்டால் அந்த மூலக்கூறு சிதைந்துவிடுகிறது என்பதால், துவைத்த துணியைக் கறை மேலே தெரியும்படி நல்ல வெயிலில் விரித்துப் போட்டால் நாளடைவில் கறை மங்கிவிடும்.

தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அநேகமாகப் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. பால் மட்டும் நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்பை நனைத்துவிடுகிறது. இதற்கு 'ஆடை படிவதால்' என்பது புத்தகத்து விடை. அது பாதிதான். பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீரே. அடியில் சூடேறும் அந்தத் தண்ணீர் நீராவிக் குமிழிகளாக மேலே வருகிறது. வெறும் தண்ணீரில் குமிழி மேற்பரப்பை அடைந்ததும் உடைந்து ஆவியை விட்டுவிடும். பாலில் உள்ள புரதங்களோ ஒவ்வொரு குமிழியின் சுவரிலும் ஒட்டிக்கொண்டு அதை உடையவிடாமல் தாங்குகின்றன. மேலே புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஆடை மூடிபோலப் படிந்திருக்கிறது. உடையாத குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கேறி நுரையாக எழுகின்றன. அடுப்பை அணைத்தவுடன், அல்லது ஒரு கை தண்ணீர் தெளித்தவுடன், அவ்வளவு உயரத்துக்கு எழும்பிய நுரை சட்டென்று படுத்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். நீரைவிட நீராவி ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைப்பது. குமிழிக்குள் இருக்கும் நீராவி சற்றே குளிர்ந்து மீண்டும் நீரானால் நுரைக்கு உள்ளே நிற்க எதுவும் இருக்காது.

கஞ்சி வடிக்கும் சோறு பொங்குவதும் இதே வகைதான், அங்கே குமிழியைத் தாங்குவது மாவுச்சத்து. துவரம்பருப்பு வேகப்போடும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடும் வழக்கத்துக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. எண்ணெய்த் துளி நுரைச் சுவரில் புகுந்து அதை இடையிலேயே அறுத்துவிடுகிறது. இரட்டைச் சுவர் கொண்ட, விசில் அடிக்கும் பால் குக்கரில் பால் பொங்காமல் இருப்பதற்குக் காரணம் வேறு. சுவர்களுக்கு இடையில் ஊற்றிய தண்ணீர் கொதிக்கும்போது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கரைந்த சர்க்கரையும் உப்புகளும் உள்ள பால் கொதிக்க அதற்குச் சற்றே கூடுதலான சூடு வேண்டும். அந்தச் சிறு வித்தியாசத்தில் பால் நன்றாகச் சூடாகிறது, கொதிக்க மட்டும் முடிவதில்லை. பொங்கலன்று இந்தப் பாத்திரத்தை யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொதிநிலை என்றதும் குக்கர் நினைவுக்கு வருகிறது. உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதைக் குளிரின்மேல் பழிபோடுகிறார்கள். குளிருக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, ஆகவே தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அழுத்தத்தைக் கூட்டி இந்த எல்லையை உயர்த்துவதே குக்கரின் வேலை. சமவெளியில் அதற்குள் ஏறத்தாழ 120 டிகிரி வரை எட்டுகிறது. பிரெஞ்சுக்காரரான டெனி பப்பேன் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் இதன் மூதாதையான ஒரு கலனைக் காட்டினார். கலன் வெடித்துவிடாமலிருக்க அவர் சேர்த்த பாதுகாப்பு அடைப்பானின் வழித்தோன்றல்தான் நாம் எண்ணிக்கொண்டிருக்கும் மூன்று விசில்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் ஒரு வெப்பமானிதான். கல் மிதமான சூட்டில் இருந்தால் துளி 'சுர்' என்று சத்தமிட்டுக் காய்ந்துவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்த கல்லில் அதே துளி முத்தாகத் திரண்டு அங்குமிங்கும் ஓடும், சீக்கிரத்தில் ஆவியாகவும் செய்யாது. அதிகச் சூட்டில் நீர் ஏன் மெதுவாக ஆவியாக வேண்டும்? துளியின் அடிப்பகுதி கல்லைத் தொட்ட கணத்திலேயே ஆவியாகி, துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ஆவிப் படலமாக நின்றுவிடுகிறது; ஆவி சூட்டை எளிதில் கடத்தாது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் காய்ந்த இரும்புக் கரண்டியில் இதைப் பார்த்து விரிவாக எழுதியதால் இவ்விளைவு அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஓட்டலில் தோசை மாஸ்டர் ஒரு குவளைத் தண்ணீரைக் கல்லில் வீசி ஈர்க்குமாற்றால் பெருக்கித் தள்ளுவது வெறும் சுத்தத்துக்காக மட்டும் அன்று. கல் அந்த நிலையிலிருந்து இறங்கினால்தான், ஊற்றிய மாவு உடனே இறுகிக் கரண்டியோடு பிய்ந்துகொண்டு வராமல் வட்டமாக விரியும்.

கடைசியாக, நான் மிகவும் ரசித்த கேள்வி: கிளிக்கு மிளகாய் ஏன் உறைப்பதில்லை? 'பறவைகளுக்குச் சுவை உணர்வு குறைவு' என்ற விடையைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். கேள்விக்கு அது பொருந்தவே பொருந்தாது, ஏனெனில் உறைப்பு என்பது சுவையே அன்று. நம் நாக்கிலும் கண்ணிலும் தோலிலும் ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்தும் ஒரு புரதம் இருக்கிறது. மிளகாயிலுள்ள கேப்சைசின் அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சுடாத இடத்தில் 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்ப வைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். பறவைகளிடமும் இந்தப் புரதம் இருக்கிறது, அதுவும் சூட்டை உணரத்தான் செய்கிறது. ஆனால் அதன் அமைப்பிலுள்ள சிறு மாற்றத்தால் கேப்சைசின் அதை ஏமாற்ற முடிவதில்லை.

இதில் மிளகாய்ச் செடிக்கு என்ன லாபம் என்பது அடுத்த 'ஏன்'. எலி முதலான பாலூட்டிகள் பழத்தைத் தின்னும்போது விதையைப் பல்லால் அரைத்துவிடுகின்றன, அது முளைக்காது. பறவைக்குப் பல் இல்லை; விதை முழுதாக வயிற்றைக் கடந்து வேறொரு மரத்தடியில் விழுந்து முளைக்கிறது. விதையை அரைப்பவரை விரட்டி, பரப்புபவரை வரவேற்கும் இந்த ஏற்பாடு மிளகாயின் தாயகமான அமெரிக்கக் கண்டங்களிலேயே உருவாகிவிட்டது. போர்த்துகீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது கொலம்பஸின் பயணத்துக்குப் பிந்தைய காலத்தில்தான். நம் ஊர்க் கிளிகள் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தின்னத் தயாரான உடலோடு இருந்திருக்கின்றன.

பறவைத் தானியத்தை அணில் திருடாமலிருக்க அதில் மிளகாய் கலந்து விற்பது மேலை நாடுகளில் உண்டு. எங்கள் மொட்டை மாடியில் புறாக்களுக்கும் குருவிகளுக்கும் வைக்கும் கம்பை அணில்களே காலி செய்துவிடுவதால், அதையே இங்கும் செய்து பார்க்கலாமே என்று அக்கா மகள் யோசனை சொன்னாள். செய்பவர் காற்று வீசும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு தூவ வேண்டும், கையெட்டும் தூரத்தில் ஒரு குவளைத் தண்ணீருக்குப் பதிலாக மோரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. மோரிலுள்ள கேசீன் புரதம் அதை நாக்கிலிருந்து பிரித்து எடுத்துச் சென்றுவிடும். கண்ணில் விழுந்தால் மோரெல்லாம் உதவாது, குழாயடிக்குத்தான் ஓட வேண்டும்.