இரண்டு கயிறும் ஒரு செரினும்

சிஎஸ்ஐஆர் நெட் (உயிர் அறிவியல் விரிவுரையாளர் தகுதித் தேர்வு) எழுத இரண்டாவது தடவை படித்தது பாம்பனில், எங்கள் வீட்டுத் திண்ணையில். முதல் தடவை காலை வாரியது சி பகுதி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பானால் 1 கழிவு. செல்லில் புரதம் உருவானபின் அதன்மேல் ஒட்டி அதன் வேலையை மாற்றும் பாஸ்பேட், யுபிக்விட்டின், சுமோ என்று பெயர்களை உருப்போட்டுப் போனேன். அவர்கள் கேட்டது, அந்த ஒட்டு தேவையா என்று கண்டுபிடிக்கும் சோதனையை.

நான் கோட்டை விட்ட இடத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர் உமரி உப்பை இலைக்குள்ளேயே அடைத்துக்கொண்டு தடித்து நிற்கும். ஆய்வுக்கூடத்து அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துச் செடி, அதற்கு அந்தத் தெம்பு கிடையாது. வேரில் ஏறும் சோடியத்தை எஸ்ஓஎஸ்1 புரதம் வெளியே தள்ள வேண்டும். அதை முடுக்கிவிடுவது எஸ்ஓஎஸ்2 என்ற கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஒட்டும் நொதி. எஸ்ஓஎஸ்1-இன் 1138-ஆம் இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தில் அது பாஸ்பேட்டை ஒட்டும். அந்தச் செரினை அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றினால் பாஸ்பேட் ஒட்ட இடமில்லை. அப்படி மாற்றிய மரபணுவைச் சாதாரணச் செடியில் போட்டால், உப்பில் செடி வாடாது. 'அப்போ அந்தச் செரின் தேவையில்லை' என்ற விடையைச் சொடுக்கிவிட்டு வந்தேன்.

அப்பா வள்ளத்துக்கு நங்கூரக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். பழைய கயிறும் கட்டியே கிடந்தது. புதுசு தாங்குதா என்று கேட்டேன். "பழசை அவுக்காம எப்படித்தா தெரியும்?" என்றார். எனக்கு அந்தக் கேள்வித்தாள்தான் ஞாபகம் வந்தது. செடியின் சொந்த எஸ்ஓஎஸ்1 உள்ளே வேலை பார்க்கும்போது, நான் போட்ட அலனின் பிரதி தாங்குகிறதா என்று எப்படித் தெரியும்?

ஆகவே முதலில் சொந்த எஸ்ஓஎஸ்1 மரபணு உடைந்த செடி வேண்டும். டி-டிஎன்ஏ என்ற பாக்டீரியத் துண்டைச் செருகி உடைத்ததோ, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்திரியில் வெட்டியதோ. அதில் ஒன்றுக்கு இயல்பான பிரதி, இன்னொன்றுக்கு அலனின் பிரதி, இரண்டுக்கும் மரபணுவை இயக்கும் அதன் சொந்தப் புரமோட்டர் (இயக்கும் பகுதி). இயல்பான பிரதி போட்டது உப்பில் தேறி, அலனின் பிரதி போட்டது வாடினால்தான் அந்தச் செரின் தேவை என்று சொல்லலாம். அப்புறம் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை அளந்து காட்டும் சோதனை) இரண்டிலும் புரத அளவு சமமா என்று பார்க்க வேண்டும். அலனின் புரதம் நிலைக்காமல் சிதைந்துபோனாலும் செடி வாடத்தான் செய்யும்.

ஒட்டுவது யுபிக்விட்டின் என்றால், அது ஒட்டும் லைசின் என்ற அமினோ அமிலத்தை ஆர்ஜினினாக மாற்றுவார்கள். பக்கத்து லைசின் அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்பதை மறக்காதீர்கள். பாஸ்பேட் ஒட்டிய செரின் போல நடிக்க அந்த இடத்தில் அஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலத்தை வைப்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். அதன் மின்சுமை குறைவு, பாஸ்பேட் ஒட்டிய இடத்தைப் பிடிக்கும் 14-3-3 என்ற புரதங்கள் பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

சி பகுதியில் 75 கேள்விகளில் 25-க்கு எழுதினால் போதும். இந்த வகைக் கேள்வி வந்தால் ரஃப் தாளில் முதல் வரியாக, எந்தச் செடியில் போட்டார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது கேள்வியிலேயே இல்லாவிட்டால் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன்.