போர்ட் ஃபார்வர்டிங்: வாசலுக்கே வராத பாக்கெட்

மூன்று மாலைகள் போராடி, நேற்றிரவுதான் என் வீட்டு சர்வரை வெளியிலிருந்து திறந்து பார்த்தேன். ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் ஒரு கணினிக்குத் திருப்பிவிட, ரவுட்டரில் நான் எழுதி வைத்திருந்த போர்ட் ஃபார்வர்டிங் விதிகளில் ஒன்றுகூட அதற்கு உதவவில்லை.

வீட்டுக் கருவிகளுக்கு ரவுட்டர் முகவரி வழங்கும் டிஎச்சிபியில் சர்வருக்கு 192.168.1.20 என்ற முகவரியை ஒதுக்கி, இணையப் பக்கங்களுக்கான 80, 443 ஆகிய போர்ட்டுகளை அதற்குத் திருப்பிவிட்டிருந்தேன். வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது; கைப்பேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயன்றால் மட்டும் நெடுநேரம் சுற்றிவிட்டு நின்றுபோனது. விதிகளை அழித்து மீண்டும் எழுதியதும், ரவுட்டரைத் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்ததும் வீண்வேலை என்பதை, வந்துபோகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) வரிவரியாகக் காட்டும் டிசிபிடம்ப்தான் காட்டிக்கொடுத்தது.

இந்தக் கருவியை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். சர்வரில் 443ஆம் போர்ட்டுக்கு மட்டும் அதை ஓடவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே கைப்பேசியில் பக்கத்தைத் திறக்க வேண்டும். இணைப்பைக் கேட்கும் ‘சின்’ பாக்கெட் வந்து, பதிலாக அதை மறுக்கும் ‘ரீசெட்’ போனால், பெரும்பாலும் அந்த போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்று பொருள். ‘சின்’ மறுபடி மறுபடி வந்தும் பதிலே போகவில்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்வரில் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலைத்தான். எனக்கோ, வீட்டு லேப்டாப்பிலிருந்து திறந்தபோது கடகடவென ஓடிய வரிகள், கைப்பேசியிலிருந்து திறந்தபோது ஒன்றுகூட வரவில்லை.

அதன்பிறகே ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தந்திருக்கும் முகவரியைப் பார்த்தேன். அது 100.83 என்று தொடங்கியது. வெளியுலகுக்குத் தெரியும் என் முகவரியோ முற்றிலும் வேறு. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சிஜிநாட் ஏற்பாட்டுக்காக 2012இல் ஆர்எஃப்சி 6598 வழியாக ஒதுக்கப்பட்டவை. அப்படியானால் ஃபார்வர்டிங் விதி முதலில் இருக்க வேண்டிய இடம் இணைய நிறுவனத்தின் கருவி. அங்கே என் கை எட்டாது. இணைப்புக் கொடுக்கும்போதே இதைச் சொல்லாமல் விடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன்.

வழி, இணைய முகவரிகளின் புதிய வடிவமான ஐபிவி6இல் கிடைத்தது. அதில் சர்வருக்கே பொது முகவரி இருப்பதால் ஃபார்வர்டிங் தேவைப்படவில்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த முகவரிக்கு 443ஐ அனுமதித்தால் போதும். நிறுவனம் தரும் முன்பகுதி அவ்வப்போது மாறுகிறது என்பதால், முகவரியின் பின்பகுதியை சர்வரில் நிலையாக வைத்து, தளத்தின் பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் எழுதினேன். விதியைச் சேமித்துவிட்டுக் கைப்பேசியில் தட்டியபோது, மூன்று நாளாக வெறுமையாகக் கிடந்த திரையில் முதல் ‘சின்’ வந்தது. அடுத்த வரியிலேயே சர்வரின் பதிலும் போனது.

ஐபிவி6 இல்லாத நெட்வொர்க்கில் இருக்கும் நண்பர்களுக்கு இது இன்னும் திறக்காது. அவர்களுக்காக, பொது முகவரி கொண்ட சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் மறைகுறியாக்கிய தனி இணைப்பு (சுரங்கம்) போட எண்ணியிருக்கிறேன்; சிஜிநாட் இணைப்பை மறந்துவிடாதிருக்க, இணைப்பை உயிரோடு வைக்கச் சிறு பாக்கெட் அனுப்பும் கீப்அலைவ் இடைவெளியை 25 நொடியாக வைக்க வேண்டும். அதற்கு முன் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் வேலை பாக்கி இருக்கிறது. வழக்கமான சரிபார்ப்புக்குத் தேவைப்படும் 80ஆம் போர்ட்டைத் திறக்க விருப்பமில்லாததால், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பைத்தான் இந்த வாரம் முயலப்போகிறேன்.