கண்ட்ரோல்-எல் அடிப்பதற்கு முன்

“எடிட்டரில் திரை குழம்புகிறது” என்று புகார் வந்தால், பெரும்பாலும் கையோடு ஒரு பதில் போகும்: திரையை முழுதாக மறுபடி வரைய வைக்கும் கண்ட்ரோல்-எல் அடித்துப் பாருங்கள். அடித்தால் சரியாகியும் விடும். தொல்லையே அதுதான். தடயம் முழுக்கத் துடைக்கப்பட்டு, அடுத்த வாரம் அதே புகார் திரும்பி வரும்.

விம் போன்ற டெர்மினல் எடிட்டர் (டெர்மினல் எனும் கட்டளைச் சாளரத்துக்குள் ஓடும் உரைத் திருத்தி), எழுத்துக்கு எழுத்து திரையை முழுதாக வரைவதில்லை. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று நினைவகத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கும். மாறிய கட்டங்களை மட்டும் டெர்மினலுக்கு அனுப்பும். அந்தக் கணக்கும் டெர்மினலின் கணக்கும் ஒரே ஒரு கட்டம் பிசகினால் போதும், அதற்கு வலப்பக்கம் எழுதுவதெல்லாம் இடம் மாறி விழும். அழித்த எழுத்து பேயாக நிற்கும். கோப்பு மட்டும் பழுதில்லாமல் இருக்கும்.

எனவே முதலில் படம் எடுத்து வைக்க வேண்டும். திரைப்பிடிப்பு, கைபேசிப் படம் இரண்டும் வேண்டும். திரைப்பிடிப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்து கைபேசிப் படத்தில் மட்டும் கோளாறு தெரிந்தால், எடிட்டரை விட்டுவிட்டு கிராஃபிக்ஸ் டிரைவர், கேபிள், மானிட்டர் பக்கம் போகலாம். பிறகு கோப்பை எக்ஸ்எக்ஸ்டி என்ற கட்டளை வழியாக பைட்களாகப் பார்க்க வேண்டும். யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ‘கி’ என்பது 6 பைட்: ககரத்துக்கு 3, இகரக் குறிக்கு 3. நடுவே வேறு 3 பைட் செருகியிருந்தால், எங்கிருந்தோ ஒட்டிய வரியோடு வந்த அகலமில்லா எழுத்தாக இருக்கலாம்.

அதன் பிறகுதான் கண்ட்ரோல்-எல். அடித்ததும் சரியானால், பகுதி பகுதியாக வரைவதில் பிழை. அடித்தும் அதே இடத்தில் அதே கோணல் நின்றால், அகலம், எழுத்துரு, டெர்மினல் அமைப்பு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். விம்மை ‘கிளீன்’ தெரிவோடும் ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைப் பெரிய ‘கியூ’ தெரிவோடும் திறந்தால் சொந்த அமைப்புகளும் செருகுநிரல்களும் ஏறாது. கோளாறு அதோடு மறைந்தால், செருகுநிரல்களைப் பாதி பாதியாக அணைத்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

தமிழில் அதிகம் கடிப்பது அகலச் சிக்கல். யூனிகோடில் ‘கீ’யின் குறியும் மெய்யின் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகள், ‘கா’, ‘கி’, ‘கு’, ‘கெ’ ஆகியவற்றின் குறிகள் இடம் பிடிக்கும் வகை. விம்மின் பல பதிப்புகள் இரண்டு வகையையும் முன்னெழுத்தோடு சேர்த்து ஒரே கட்டமாக எண்ணும். பழைய அகலப் பட்டியலைப் பின்பற்றும் டெர்மினலோ இடம் பிடிக்கும் குறிக்குத் தனிக் கட்டம் தரும். ‘கிளி’ அந்த விம்முக்கு 2 கட்டம், டெர்மினலுக்கு 4. ‘தீ’ இருவருக்கும் 1. வரியை முதலிலிருந்து ஒரே மூச்சில் எழுதும்போது இது கண்ணில் படாது. வரி நடுவே ஓர் எழுத்தைச் செருகும்போதுதான் கர்சர் தவறான இடத்துக்குப் போகும். ‘எப்போதாவது மட்டும் வருகிறது’ என்று எழுதப்படும் புகார்களில் இந்த வகை கணிசம்.

கண்ணால் அளக்கத் தேவையில்லை. ஷெல்லில் (கட்டளை அடிக்கும் இடத்தில்) சொல்லை அச்சிட்டு, உடனே எஸ்கேப், இடது சதுர அடைப்பு, 6, சிறிய ‘என்’ ஆகியவற்றை அனுப்பினால், கர்சர் நிற்கும் வரி எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் டெர்மினலே பதிலாகத் தரும். நெடுவரிசை 1-இலிருந்து எண்ணப்படுவதால் ஒன்றைக் கழிக்க வேண்டும். அதே சொல்லை விம்மின் ‘எஸ்டிஆர்விட்த்’ செயற்கூற்றுக்குக் கொடுத்தால் அதன் எண் கிடைக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வழக்கு முடிந்தது.

திரையில் நிறப்பட்டைகள் தெரிவது வேறு கதை. ஒரே டெர்மினலில் பல சாளரங்களை நடத்தும் டிமக்ஸுக்குள், டெர்மினலின் வகைப்பெயரைச் சொல்லும் ‘டெர்ம்’ மாறி ‘ஸ்கிரீன்’ அல்லது ‘டிமக்ஸ்’ என்று தொடங்க வேண்டும். அங்கே எக்ஸ்டெர்ம் என்று வேறொரு டெர்மினலின் பெயரை வலிந்து எழுதிவைத்தால், அழிக்கும்போது பின்னணி நிறம் தானாக நிரம்பும் என்று எடிட்டர் நம்பிவிடும். டிமக்ஸின் பழைய பதிப்புகளில் நிரம்பாத இடம் பட்டையாகத் தெரியும். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் டெர்மினலின் வரி, நெடுவரிசை எண்ணிக்கையைச் சொல்லும் ‘எஸ்டிடிஒய் சைஸ்’ கட்டளை போதும். சாளரம் பெரிதாக இருக்க, அது 24, 80 என்று சொன்னால், அளவு மாறிய செய்தி வழியில் தொலைந்திருக்கிறது.

பிழையை எழுதி அனுப்பும்போது ‘ஸ்கிரிப்ட்’ கட்டளையால் டெர்மினலுக்குப் போன பைட்களைப் பதிந்து இணைப்பது பத்துத் திரைப்பிடிப்புகளுக்குச் சமம். அதே அளவுள்ள வேறொரு டெர்மினலில் அந்தப் பதிவைக் கொட்டிப் பார்க்கலாம். அங்கே ஒழுங்காக வந்தால் முதல் டெர்மினலின் மீதே சந்தேகம் வலுக்கும். சோதனைக் கோப்பையும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால், பெரும்பாலும் ஒரே வரியில் நாலைந்து எழுத்துகள்தான் மிஞ்சும்.