கொழும்பு வரை கார், கொழும்புக்குள் ஓட்டோ

யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக் காரில் கொழும்புக்கு வெளிக்கிடுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் காரிலேயே திரியலாமா, இல்லை ஓட்டோ பிடிப்பதுதான் நல்லதா? அம்மாவின் கண் கிளினிக்குக்காகக் கொஞ்சக் காலமாகவே நான் அடிக்கடி கொழும்புக்குப் போய் வருகிறேன். இரண்டு விதமாகவும் திரிந்து பார்த்தாயிற்று. என்னைக் கேட்டால் கார் கொழும்பின் தென்பக்கத்து வெள்ளவத்தை வரைக்கும் போதும். சித்தியின் பிளாட்டுக்குக் கீழே அதை நிறுத்தினால், ஊருக்குத் திரும்பும் நாள் வரைக்கும் அது அங்கேயே நிற்கட்டும்.

நெடும்பயணத்துக்குக் கார் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வெள்ளவத்தைக்கு இரவு பஸ்கள் நிறைய ஓடுகின்றன, சொகுசாகவும் இருக்கின்றன. ஆனால் எழுபது தாண்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, நினைத்த இடத்தில் நிற்க முடிவதுதான் பெரிய விஷயம். விடியப்புறம் வெளிக்கிட்டு, ஆனையிறவு தாண்டி, முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டுதான் அம்மா திரும்ப ஏறுவா. அங்கே இறங்காமல் போக அவ சம்மதிக்கவே மாட்டா. வவுனியாவில் ஒரு தேத்தண்ணி. மதவாச்சி கடந்ததும் மரநிழலாகப் பார்த்து நிறுத்தி, சின்னப் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்திருக்கும் கண் மருந்தை எடுத்து விட வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, துளி சரியாக உள்ளே விழ வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் அது நடக்கிற காரியமா? அநுராதபுரத்திலிருந்து புத்தளம் போகும் பாதையில் இருட்டினால் யானை குறுக்கே வரும், அதனால் அந்தப் பகுதியைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். அதற்கும் நம் கையில் நம் வண்டி இருப்பது நல்லது.

நீர்கொழும்பு, ஜா-எல வரைக்கும் எல்லாம் சரி. வத்தளை வந்ததும் வீதியே மாறிவிடும். இடப்பக்கத்தால் மோட்டார் சைக்கிள், வலப்பக்கத்தால் ஓட்டோ, முன்னால் நடு வீதியில் ஆள் ஏற்றும் பஸ். இந்த நகரத்தில் ஓடுகிறவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் அது நாளாந்தம் ஓடுகிறவர்களுக்குப் பிடிபட்ட ஒழுங்கு. எந்த இடைவெளியில் யார் நுழைவார், எந்த ஹோர்ன் கோபம், எந்த ஹோர்ன் நன்றி என்பதெல்லாம் பழக்கத்தில் வருவது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியிலும் டுப்ளிகேஷன் வீதியிலும் ஒருவழிப் போக்குவரத்து. திரும்ப வேண்டிய சந்தியை விட்டுவிட்டால் நல்ல ஒரு சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும். பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு அந்தச் சுற்றில் மாட்டினால், அன்றைய மத்தியானம் அதோடு சரி.

காரின் விலையும் மனதை விட்டுப் போகாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த இடைக்காலத்தில் பாவித்த கார்களின் விலை எங்கேயோ போய் நின்றது. எங்கள் வீட்டுச் சின்னக் கார் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு அது வண்டி மட்டும் இல்லை, சேமிப்பும்தான். கடைகள் நெருங்கிய புறக்கோட்டையின் குறுக்குத் தெருவொன்றில், மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நாட்டாமிமார் விலகச் சொல்லிக் கத்திக்கொண்டு வரும்போது, அந்தச் சேமிப்பை நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வராது. செட்டியார் தெருவுக்கு நகை பார்க்கப் போனாலும், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனாலும், ஓட்டோவில் போய் வாசலில் இறங்குவதுபோல் நிம்மதி வேறெதிலும் இல்லை.

பார்க்கிங் வெள்ளவத்தையிலேயே பெரிய பாடு. கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் வீடுகள் இருந்த காணிகளெல்லாம் இப்போது மாடிக் குடியிருப்புகள். ஒரு வீட்டுக்கு ஒரு கார் நிறுத்த இடம் என்பதுதான் கணக்கு. சித்தியின் இடத்தில் எங்கள் காரை விட்டால், பின்னால் நிற்கும் காரின் சொந்தக்காரர் காலையில் வெளியே போகத் திறப்போடு யாராவது கீழே இறங்கி ஓட வேண்டும். வந்த அன்றே காரை ஆகவும் உள்ளே, சுவரோடு ஒட்டி விட்டுவிட்டால் ஒருவருக்கும் தொல்லை இல்லை.

என் எண்ணத்தை முடிவாக மாற்றியது கண் ஆஸ்பத்திரிதான். லிப்டன் சுற்றுவட்டத்தை ஒட்டி இருக்கிறது அது. காலையில் அந்தச் சுற்றுவட்டத்தில் எல்லாப் பக்கத்தாலும் வாகனங்கள் வந்து சேரும். பக்கத்திலேயே தேசிய வைத்தியசாலை, அதனால் இடையிடையே அம்புலன்ஸ் வேறு. கிளினிக்கில் கண்மணி விரிவதற்கு மருந்து விடுவார்கள். அதன் பிறகு சில மணித்தியாலத்துக்கு அம்மாவுக்குக் கிட்ட உள்ளது எதுவும் தெளிவாகத் தெரியாது, வெயில் பட்டால் கண் கூசும். சேலைத் தலைப்பை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருப்பா. நடைபாதை விளிம்பு வந்தால், "பிள்ளை, இதில படியோ?" என்று கேட்டு, காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்குவா.

காரில் வந்திருந்தால் என்ன செய்வது? அவவை வாசலில் தனியே நிற்க வைத்துவிட்டு எங்கேயோ விட்ட காரை எடுத்துவர நான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கண்ணோடு அவவை அவ்வளவு தூரம் வெயிலில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஓட்டோ என்றால் வாசலுக்கே வரும், நானும் பின் சீற்றில் அவவுக்குப் பக்கத்தில் இருப்பேன். வண்டி ஓட்டுகிறவளால் அம்மாவின் கையைப் பிடிக்க முடியாது. இதைச் சொன்னால் தம்பிக்கு விளங்குவதில்லை. சொந்தக் கார் நிற்க எதற்கு வாடகைக்குக் காசு என்று கேட்பான். வந்து ஒரு நாள் கூட்டிப்போய்ப் பார்க்கட்டும்.

2015இல், தொலைபேசியிலேயே வண்டி கூப்பிடும் ஆப்களான பிக்மீயும் ஊபரும் கொழும்புக்கு வந்தன. என்னைப்போல் தட்டுத்தடுமாறிச் சிங்களம் கதைக்கிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதற்கு முந்தி ஓட்டோ பிடிப்பது என்றால் முதலில் இடம் சொல்ல வேண்டும், பிறகு விலை கேட்க வேண்டும், பிறகு குறைக்க வேண்டும். வாயைத் திறந்ததும் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும், விலையும் அதற்கேற்ப வரும். போர்க்காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் கொழும்பில் ஓட்டோ ஏறுவதற்கு முன் அடையாள அட்டை கைப்பையில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த நடுக்கத்தோடு வளர்ந்தவர்களுக்கு, போகும் இடத்தைத் தொலைபேசியில் குறித்து, விலையையும் பார்த்துவிட்டு, பேசாமல் ஏறி இருக்க முடிவது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்கும் என் காரின் இலக்கத்தகட்டில் இருக்கும் என்.பி. என்ற வட மாகாண எழுத்தைப் பார்த்துப் பொலிஸ்காரர் கையை நீட்டினால் எனக்கு ஒரு கணம் நெஞ்சு அடிக்கும். ஆவணங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அவரும் மரியாதையாகத்தான் கேட்பார். இருந்தாலும் அடிக்கும்.

ஆப் இருந்தாலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு மழை பிடித்துவிட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு டிரைவர் ஏற்றுக்கொள்வார், உடனே அழைப்பு வரும். "காஷா, கார்டா?" கார்ட் என்றதும் ரத்து. புறக்கோட்டையில் துணிப்பைகளோடும் அம்மாவோடும் நனைந்துகொண்டு நின்றபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இப்போது எப்போதும் சில்லறையாகக் காசு வைத்திருக்கிறேன். கேட்கும்போதே "காஷ்தான் அண்ணை" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கோபம் தணிந்தது மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் டிரைவரோடு கதைத்த பிறகு. ஹெவ்லொக் வீதியில் நெரிசலில் நின்றபோது, ஏன் எல்லோரும் காசையே கேட்கிறீர்கள் என்று கேட்டேன். "கார்ட் காசு கைக்கு வாறது பிறகுதான் தங்கச்சி. பெற்றோல் இப்ப அடிக்கணும், லீசிங்காரன் இந்த மாசம் கேப்பான்" என்றார். பிறகு அவராகவே 2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் முடிவில் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று கொடுத்தார்கள். அதுவும் இலக்கத்தகட்டின் கடைசி இலக்கத்தைப் பொறுத்துக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும். வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

"கியூவிலதான் தூங்கினது. பவுசர் வருது வருது எண்டுவாங்க, வராது. வண்டிய விட்டுட்டுப் போகவும் ஏலாது, தள்ளித் தள்ளித்தான் முன்னுக்குக் கொண்டு போறது" என்று சொல்லிக்கொண்டே பின் சீற்றைக் கையால் தட்டிக் காட்டினார். ஒரு ஆள் கால் நீட்ட முடியாத அந்தச் சீற்றில் முழங்காலை மடித்துப் படுத்திருக்கிறார். மகள் சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாளாம். பெற்றோல் டாங்கியின் மூடிக்கு அவர் தனியாக ஒரு பூட்டுப் போட்டிருந்தார், அந்தக் காலத்தில் போட்டது. இப்போது தேவையில்லை, ஆனால் கழற்ற மனம் வரவில்லை என்றார். அன்றைக்கு மீதிக் காசை அவர் எண்ணி நீட்டியபோது எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

ஆப் வந்த பிறகும் சித்தி அதைத் தொடுவதே இல்லை. அவவுக்கென்று ஒழுங்கை முகப்பில் நிற்கும் ஓட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டது, காஸ் சிலிண்டர் ஏற்றி வந்தது, சித்தப்பாவுக்கு நடுச்சாமத்தில் நெஞ்சு நோவு வந்தபோது சாரத்தோடேயே ஓடி வந்தது, எல்லாம் அவர்தான். ஆப் விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் எடுப்பார். ஆனால் மாவு மூட்டையை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வைத்துவிட்டுத்தான் போவார், கோயிலில் பூசை முடியும் வரைக்கும் வெளியே நிற்பார். கிளினிக் நாட்களில் நாங்களும் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறோம். முதல் நாள் இரவே சொல்லிவிட்டால் போதும். கடைத்தெருவுக்கும் அவசர வேலைக்கும் ஆப், அம்மாவோடு போக அவர். கொழும்பில் கொஞ்ச நாள் தங்கப் போகிறவர்கள் உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து வையுங்கள். அந்தக் கொஞ்சக் கூடுதல் காசு வீண்போகாது.

கட்டுநாயக்க விமான நிலையம் மட்டும் விதிவிலக்கு. 2013இல் திறந்த அதிவேகப் பாதையில் ஓட்டோவுக்கு அனுமதி இல்லை, பழைய நீர்கொழும்பு வீதியால் சுற்றி வருவது சாமான்களோடு முடியாத காரியம். கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வந்தால் பெட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கேடிஎச் என்ற பெரிய வான் ஒன்றை ஹயருக்குப் பிடிப்போம், அண்ணா தனியே வந்தால் எங்கள் கார் போதும். விமான நிலையம் நீர்கொழும்பு வீதிப் பக்கமே இருப்பதால், கொழும்புக்குள் திரும்ப நுழையாமலே சிலாபம், புத்தளம் என்று நேரே வடக்கே ஏறிவிடலாம். அதனால் எங்கள் வீட்டில் இப்போது கிளினிக்கை முதலில் முடித்து, அண்ணா வரும் நாளை ஊருக்குத் திரும்பும் நாளாக வைத்துக்கொள்கிறோம். விடிய நாலு மணிக்கே வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிட்டால் நெரிசல் தொடங்கும் முன் நகரத்தைத் தாண்டிவிடலாம், புத்தளம் வீதியில் வெளிச்சம் இருக்கும்போதே யானைப் பகுதியும் கழிந்துவிடும். அந்தப் பயணத்துக்குக் கார்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.