அழுத்தினால் மாறிய எண்: திசு ஆக்சிஜன் கைக்கருவியைச் சரிசெய்த அனுபவம்

தோல்மேல் வைத்தால் உள்ளே தசையில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று ஒளியால் அளந்து சொல்லும் ஒரு சின்னக் கைக்கருவி. ஊசி கிடையாது, இரத்தம் எடுக்கத் தேவையில்லை. ஒன்றரை வருடம் இதன் பின்னாலேயே அலைந்திருக்கிறேன். முதல் மாதிரியைக் கட்டி முடிக்க மூன்று மாதம்தான் ஆனது, மீதி நாளெல்லாம் அது காட்டும் எண்ணை நம்பலாமா என்ற ஒரே கேள்வியில் போனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்ச நாளாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இருட்டில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் விரல்கள் சிவப்பாக ஒளிருமே, அடிப்படை அதுதான். சுமார் 650 முதல் 950 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளியைத் திசு அவ்வளவாக விழுங்குவதில்லை. அதற்குக் கீழே ஹீமோகுளோபின் விழுங்கிவிடும், மேலே தண்ணீர் விழுங்கிவிடும். இந்த இடைவெளிக்குள் 760 பக்கம் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் ஒளியை அதிகம் உறிஞ்சும், 850 பக்கம் ஆக்சிஜன் ஏறியது அதிகம் உறிஞ்சும், 800 அருகே இரண்டும் ஏறக்குறைய சமம். மண்டையோட்டைத் திறக்காமலே மூளையின் ஆக்சிஜன் மாற்றத்தை இப்படிப் பார்க்கலாம் என்று 1977ல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். எங்கள் கருவியில் 760, 850 இரண்டு அலைநீளத்துக்கும் எல்இடி, அவற்றிலிருந்து 15, 25, 35 மில்லிமீட்டர் தள்ளி, திரும்பி வரும் ஒளியை அளக்க மூன்று போட்டோடயோடு. தூரம் கூடக்கூட, வந்து சேரும் ஒளி அதிக ஆழத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கும். தூரத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவான ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் ஒருவரை உட்கார வைத்து முன்கையில் அளந்தேன், ஆக்சிஜன் 71 சதவீதம் என்று வந்தது. உடன் வேலை செய்பவர் அதே இடத்தில் அளந்தார், 63. திரும்ப நான் வைத்தேன், 69. கையைக் கொடுத்தவர் அசையவே இல்லை. எனக்கு உடனே மின்சுற்றின் மேல்தான் சந்தேகம் வந்தது. பெருக்கியை மாற்றினேன், தரை இணைப்புகளைத் திருப்பிப் போட்டேன், இரைச்சலைக் குறைத்தேன், இப்படியே ஆறு வாரம் ஓடிவிட்டது. எண்கள் முன்னைவிட நிலையாக நின்றன, ஆனால் நான் வைத்தால் ஒன்று, அவர் வைத்தால் வேறு என்பது மட்டும் அப்படியே இருந்தது.

விடை தோலிலேயே இருந்தது. நான் கருவியை எடுத்ததும் அந்த முன்கையில் வட்டமாக ஓர் அச்சு பதிந்திருந்தது, நடுவில் வெளுத்து, நாலைந்து விநாடியில் மெல்லச் சிவந்து நிரம்பியது. அவர் வைத்து எடுத்த இடத்தில் அச்சே இல்லை. நான் இரத்தத்தைப் பிழிந்து வெளியேற்றிவிட்டுத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்! சிரைகளில் அழுத்தம் குறைவு, அதனால் லேசாக அழுத்தினாலே முதலில் காலியாவது அவைதான். ஆக்சிஜன் குறைந்த இரத்தம் வெளியே போய்விட்டால் மிச்சமிருப்பதின் சராசரி ஏறத்தானே செய்யும். பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன், என் அளவுகளில் எல்லாம் மொத்த ஹீமோகுளோபின் குறைவாகவே இருந்தது. எண் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது, ஆக்சிஜன் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

முதலில் முனைக்கு அடியில் ஒரு மெல்லிய விசை சென்சாரை வைத்து, அழுத்தம் சரியான அளவில் இருந்தால் மட்டும் பச்சை விளக்கு எரியும்படி செய்தோம். வேலை செய்தது, ஆனால் பயன்படுத்துபவர் நோயாளியை விட்டுவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிவிட்டது. அது சரியில்லை. அப்புறம் வடிவத்தையே மாற்றினோம். வெளியே ஓர் அகலமான வளையம் தோலில் உட்கார்ந்து கையின் பாரத்தை முழுக்க வாங்கிக்கொள்ளும். உள்ளே எல்இடியும் டயோடும் இருக்கும் முனை மெல்லிய ஸ்பிரிங்கில் தனியாக மிதக்கும், தோலைத் தொடும் அளவுக்கு மட்டும் தள்ளும். கை எவ்வளவு அழுத்தினாலும் உள்முனைக்குப் போவது அந்த ஸ்பிரிங்கின் விசை மட்டும்தான். இந்த மொத்த வேலையில் எனக்கு அதிகத் திருப்தி தந்தது இந்தச் சின்ன இயந்திர மாற்றம்தான். எத்தனை நுட்பமான கணக்கு போட்டாலும், பிழிந்துவிட்ட இரத்தத்தை மென்பொருளால் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்தது கருப்பு பிளாஸ்டிக். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். ஒளியைத் திருப்பி அனுப்பாத ஒரு கருப்புத் துண்டின்மேல் முனையை வைத்தால் தூரத்து டயோடில் எதுவும் வரக்கூடாது. எங்களுக்கு வந்தது. அறையை இருட்டாக்கினேன், அப்போதும் வந்தது. கடைசியில் முப்பரிமாண அச்சில் எடுத்த உறையின் ஒரு துண்டை உடைத்து, அதன் பின்னால் 850 எல்இடியைப் பிடித்துக்கொண்டு கைபேசிக் கேமராவில் பார்த்தேன். கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரிந்த அந்தத் துண்டின் வழியே ஊதா நிறத்தில் ஒரு புள்ளி ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. சாயம் சேர்த்துக் கருப்பாக்கிய பிளாஸ்டிக் பலவும் அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரிதான், கரித்தூள் கலந்ததுதான் உண்மையில் தடுக்கும். எங்கள் ஒளியில் ஒரு பகுதி உடம்புக்குள் போகாமலே சுவர் வழியாக டயோடுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. நடுவில் ஓர் அலுமினியத் தடுப்பும், முனையைச் சுற்றிக் கரித்தூள் கலந்த சிலிக்கோன் வளையமும் வைத்ததும் நின்றது. உறைக்கு என்ன பொருள் வாங்கினாலும் முதலில் இந்தக் கேமரா சோதனையைச் செய்துவிடுங்கள்.

அறை விளக்கு பெரிய விஷயமாக இல்லை. எல்இடியை விட்டுவிட்டு எரியவைத்து, ஒவ்வொரு முறையும் எரிவதற்கு முன்னும் பின்னும் இருட்டு அளவை எடுத்துக் கழித்தால் போதும். வெப்பம் அதைவிடக் கொஞ்சம் படுத்தியது. எல்இடி சூடானால் வெளிச்சம் குறையும், அலைநீளமும் நகரும். தோல் பட்டதும் முனை சூடேறுவதால் முதல் ஒரு நிமிட அளவுகள் வழுக்கிக்கொண்டே போயின. எல்இடி பக்கத்திலேயே வெப்பத்தை அளக்கும் ஒரு தெர்மிஸ்டரும், வெளிச்சத்தை நேராகக் கண்காணிக்க இன்னொரு டயோடும் வைத்துச் சமாளித்தோம்.

தோலின் நிறம்தான் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது. முதல் ஆறு பேரும் குழுவில் இருந்தவர்கள், ஏறக்குறைய ஒரே நிறம். ஏழாவதாக வந்தவர் நல்ல கருப்பு. 35 மில்லிமீட்டர் டயோடில் சமிக்ஞை இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று ஒளி, தோலுக்கு நிறம் தரும் மெலனினை இரண்டு தடவை கடக்க வேண்டியிருக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது: கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டிய அளவுகளில், தமனி இரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கருப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். இதைப் படித்துவிட்டு ஆறு பேரின் எண்ணை வைத்துக்கொண்டு கருவி தயார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒற்றை டயோடின் அளவை நம்புவதை விட்டோம். அருகில் உள்ளதற்கும் தூரத்தில் உள்ளதற்கும் இடையே ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துக் கணக்கிட்டால், மேல்தோல் இரண்டுக்கும் பொது என்பதால் மெலனினின் பங்கு பெரும்பாலும் கழிந்துவிடும். மங்கலான சமிக்ஞைக்குக் கருவி தானே அதிக நேரம் எடுத்துச் சராசரி பார்க்கும். வெளிச்சத்தைக் கூட்டுவதற்குத் தோலும் கண்ணும் பாதிக்கப்படாத வரம்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டவில்லை. தன்னார்வலர்களின் நிறத்தைக் கண்ணால் பார்த்து எழுதாமல் நிறமானியால் அளந்து, வெளுத்த நிறம் முதல் அடர் கருப்பு வரை ஆள் கிடைத்த பிறகுதான் சோதனையைத் தொடங்கினோம். ஆள் சேர்க்கவே நான்கு மாதம் ஆனது. அந்தக் காத்திருப்பில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எண் நிலையாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. இதற்குத்தான் போலித் திசு. டைட்டானியம் டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த சிலிக்கோன் கட்டி ஒன்றைத் தினமும் காலையில் முதல் வேலையாக அளந்துவிடுவேன், கருவி நேற்றுப் போலவே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆக்சிஜனைச் சோதிக்க அது போதாது. பால் மாதிரி இருக்கும் கொழுப்புக் கரைசலில் மாட்டு இரத்தம் கலந்து, ஈஸ்ட் போட்டு விடுவோம். ஈஸ்ட் ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, இளஞ்சிவப்பாக இருந்த கரைசல் கண்முன்னே மங்கி ஒரு மாதிரிக் கருஞ்சிவப்பாகும், திரையில் எண் இறங்கிக்கொண்டே வரும். அப்புறம் ஆக்சிஜனைக் குமிழியிட்டால் நிறமும் எண்ணும் சேர்ந்து ஏறும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று சாப்பிடக்கூடப் போகாமல் நான்கு முறை திரும்பத் திரும்ப ஓட்டினோம்.

கடைசிச் சோதனையில் ஐந்து பேர் ஒரே முன்கையில் மாறி மாறி அளந்தார்கள். அதில் ஒரு செவிலியர் கருவியை அன்றுதான் பார்க்கிறார், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவர் என்னைப் போலவே நன்றாக அழுத்தித்தான் வைத்தார். 66. அவருக்கு முன்னால் வைத்தவருக்கு 65, பின்னால் வைத்தவருக்கு 67.

தீராத ஒன்று கொழுப்பு. தோலுக்கும் தசைக்கும் நடுவில் கொழுப்பு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் எங்கள் ஒளி தசையைச் சரியாகத் தொடுவதே இல்லை, அப்போதும் கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிடும். அதனால் முதலில் அல்ட்ராசவுண்டில் தடிமனைப் பார்த்துக் கருவியில் பதியச் சொல்கிறோம். வரம்பைத் தாண்டினால் இப்போதைக்குத் திரையில் எண்ணே வராது, ஒரு கோடு மட்டும் வரும்.